கதவை மூடுவது யார் உரிமை?
பார்சி ரயில்வே முதல் தங்கவயல் வரை தொழிலாளர் வழக்குகளின் கதை

தங்கவயல்:

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய வேலை, ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பிறகு நின்றது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் கண்டது. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. இன்று மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் விடியற்காலையில் சீசன் டிக்கெட்டோடு பெங்களூர் வண்டி ஏறுகிறவர்களில் பலர், அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரன்மார்களும்தான்.

"கம்பெனி நினைத்தால் மூடிவிட முடியுமா? கேட்பதற்கு ஆள் இல்லையா? கோர்ட்டு என்ன செய்தது?" என்று இந்த வண்டியில் இன்றும் பேச்சு நடக்கிறது. சிலர், கோர்ட்டு தொழிலாளியைக் கைவிட்டது என்கிறார்கள். வேறு சிலர், நல்ல வக்கீல் வைத்திருந்தால் சுரங்கம் இன்றும் ஓடியிருக்கும் என்கிறார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. மூடுவது பற்றி நம் நாட்டுச் சட்டம் 1956 முதல் படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அந்த வரிசையைத் தெரிந்துகொண்டால்தான் தங்கவயலுக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும். இன்று வேறு இடங்களில் வேலை செய்யும் நமக்கும் அது உதவும்.

முன் தீர்ப்பு என்றால் என்ன?

ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு சட்டத்துக்கு என்ன பொருள் சொல்கிறதோ, அது நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும். அரசியல் சட்டத்தின் 141-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே பம்பாயில் ஒரு தையல் கம்பெனி போட்ட வழக்கின் முடிவு, தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் தலையெழுத்தையும் தொடும். மதுரை மில் தொழிலாளி பெற்ற தீர்ப்பு பெங்களூர் தொழிலாளிக்கும் பயன்படும். முன் தீர்ப்பு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

கோர்ட்டுக்கு முன்னால் வேலைநிறுத்தம்

தங்கவயல் தொழிலாளிக்கு முதலில் கோர்ட்டு தெரியாது, வேலைநிறுத்தம்தான் தெரியும். 1930-ல் சுரங்க நிர்வாகம் எல்லாத் தொழிலாளர்களின் விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். அப்போது முறையான சங்கம் என்று எதுவும் கிடையாது. வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருந்த மக்கள், தாங்களாகவே வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இதில் கலந்துகொண்டார்கள்.

பிறகு சங்கங்கள் வந்தன. 1946-ல் தங்கவயலில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு, அதாவது 1947-ல், தொழில் தகராறு சட்டம் பிறந்தது. சமரச அதிகாரி, தொழிலாளர் கோர்ட்டு, டிரிபியூனல் என்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை. தெருவில் நடந்த சண்டையில் ஒரு பாதி கோர்ட்டு வராந்தாவுக்கு மாறியது.

தங்கவயல் பெயரிலேயே ஒரு தீர்ப்பு

சுப்ரீம் கோர்ட்டுப் புத்தகத்தில் தங்கவயல் தொழிலாளியின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மைசூர் ராஜ்யத்துக்கும் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் நடந்த வழக்கு அது. தீர்ப்பு வந்தது 1958-ல். 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமை ஆகிவிட்டபடியால், வழக்கின் தலைப்பில் கம்பெனி இருக்க வேண்டிய இடத்தில் அரசு நிற்கிறது.

நீதிபதி கஜேந்திரகட்கர் அந்தத் தீர்ப்பில் சமூக நீதி, பொருளாதார நீதி பற்றி எழுதியதை வக்கீல்கள் பின்னால் எத்தனையோ தொழிலாளர் வழக்குகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சமூக நீதி என்பது ஏட்டில் கிடக்கும் சொல் அல்ல, அது உயிருள்ள ஒன்று, சட்டத்தின் ஆட்சிக்கும் மக்கள் நல அரசு என்ற லட்சியத்துக்கும் அதுதான் பொருள் கொடுக்கிறது என்பது அதன் சாரம். பூமிக்கு அடியில் வெந்து உழைத்தவர்களின் வழக்கில் இந்தக் கருத்து பிறந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பார்சி ரயில்வே கேஸ்

இப்போது மூடுவது பற்றிய வழக்குகளுக்கு வருவோம். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் முதல் வழக்கில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

பம்பாய் ராஜ்யத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒரு தனியார் ரயில் கம்பெனி இருந்தது. 1954-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அரசு அதை எடுத்துக்கொண்டது. கம்பெனியின் தொழிலாளர்கள், "பழைய முதலாளி எங்கள் வேலையை முடித்துவிட்டான், ஆகவே ஆட்குறைப்பு நஷ்ட ஈடு கொடு" என்று கேட்டார்கள். பரோடாவில் மூடப்பட்ட ஒரு மில்லின் தொழிலாளர்களும் இதே கேள்வியோடு வந்தார்கள்.

1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் உபரி ஆட்களை நீக்குவதுதான் ஆட்குறைப்பு. தொழிலையே உண்மையாக மூடிவிட்டாலோ, வேறு கைக்கு மாற்றிவிட்டாலோ அது ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே நஷ்ட ஈடும் கிடையாது. இதுதான் தீர்ப்பு.

தொழிலாளர்களுக்கு இது பேரிடி. ஆனால் அதோடு கதை முடியவில்லை. 1957-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. முதலாளி மாறும்போது தொழிலாளியின் பழைய சர்வீஸ் விடுபடக் கூடாது, பழைய நிபந்தனைகள் குறையக் கூடாது, அப்படி இல்லையென்றால் நஷ்ட ஈடு தரவேண்டும் என்று ஒரு பிரிவு வந்தது. தொழிலை மூடினாலும் நஷ்ட ஈடு உண்டு என்று 25-எப்.எப்.எப். என்ற புதுப் பிரிவு வந்தது. முதலாளிகள் இதை எதிர்த்துப் போனார்கள். 1960-ல் ஹத்தீசிங் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

கோர்ட்டில் தோற்ற வழக்கு சட்டசபையில் ஜெயித்தது என்று இதைச் சொல்லலாம். தங்கவயலுக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்று முதலாளி மாறிக்கொண்டே இருந்தார். உள்ளே இறங்கிய தொழிலாளி மட்டும் மாறவில்லை. இப்படி மாறும்போது சர்வீஸ் தொடர்ச்சியைக் காப்பாற்றத்தான் அந்தத் திருத்தம் வந்தது.

சுரங்கத்துக்கு என்று தனியாகவும் ஒரு விதி உண்டு. தாது தீர்ந்து போனதால் மட்டுமே சுரங்கத்தை மூடுகிறேன் என்று முதலாளி சொன்னால், அதைத் தவிர்க்க முடியாத காரணம் என்று காட்டி நஷ்ட ஈட்டைக் குறைக்க முடியாது. அதே சம்பளத்தில், சர்வீஸ் விடுபடாமல், வேறு வேலை கொடுத்தால்தான் அவருக்கு விலக்கு.

அனுமதி கேள் என்ற சட்டம்

நஷ்ட ஈடு கொடுத்துவிட்டால் போதுமா? மூடுவதற்கு முன்னால் யாரையாவது கேட்க வேண்டாமா? 1976 வரையில் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு, நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 25-ஓ பிரிவு வந்தது.

பம்பாயில் எக்செல் வேர் என்ற ஆயத்த ஆடை கம்பெனி அனுமதி கேட்டது, மறுக்கப்பட்டது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1978-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, 25-ஓ செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதிகாரி காரணம் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதற்குச் சரியான கட்டுப்பாடு இல்லை, மறுத்தால் அப்பீலும் இல்லை. தொழில் நடத்தும் உரிமையில் மூடும் உரிமையும் அடங்கும், அதை இப்படி நியாயமில்லாமல் கட்டிப்போட முடியாது என்றது கோர்ட்டு.

மறுபடியும் பார்லிமெண்டு உட்கார்ந்தது. 1982-ல் கோர்ட்டு காட்டிய ஓட்டைகளை எல்லாம் அடைத்து 25-ஓ பிரிவைப் புதிதாக எழுதியது. 1984-ல் அது அமலுக்கு வந்தது. 300 என்ற எண்ணிக்கையும் 100 ஆகக் குறைந்தது. அதன்படி:

மூடுவதற்கு 90 நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும். மனுவின் நகல் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் தர வேண்டும். அரசு இரண்டு பக்கமும் விசாரித்து, காரணத்தை எழுத்தில் காட்டி உத்தரவு போட வேண்டும். 60 நாளில் உத்தரவு வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். உத்தரவு பிடிக்காதவர்கள் மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது விஷயம் டிரிபியூனலுக்குப் போகலாம். அனுமதி இல்லாமல் மூடினால் அது சட்ட விரோதம், மூடாதது போலவே தொழிலாளிக்கு எல்லாச் சலுகையும் உண்டு. அனுமதியோடு மூடினால், ஒவ்வொரு ஆண்டு சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. இருபது ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்குச் சுமார் பத்து மாதச் சம்பளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து வந்த பலம்

ஆட்குறைப்புக்கும் இதேபோல் அனுமதி வேண்டும் என்று 25-என் பிரிவு சொன்னது. எக்செல் வேர் தீர்ப்பைக் காட்டி அதையும் ஒழித்துவிடலாம் என்று முதலாளிகள் பார்த்தார்கள். மதுரை மீனாட்சி மில் தொழிலாளர்களின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. 1992-ல் அந்த பெஞ்சு 25-என் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அனுமதி கொடுக்கும் அதிகாரி தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, ஒரு நீதிபதியைப் போல இரு தரப்பையும் கேட்டு, காரணம் காட்டி முடிவு செய்ய வேண்டும், அப்படி இருக்கும்போது இந்தப் பிரிவை நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்பது கோர்ட்டின் கருத்து.

அதே வழியில் திருத்தப்பட்ட 25-ஓ பிரிவும் செல்லும் என்று, ஒரிசா டெக்ஸ்டைல் அண்டு ஸ்டீல் வழக்கில் 2002 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. அதற்குள் தங்கவயலில் கதவு மூடி ஓர் ஆண்டு நெருங்கிவிட்டது.

தங்கவயலில் நடந்தது

பாரத் கோல்டு மைன்ஸ் நஷ்டத்தில் ஓடியது. ஆழம் கூடக் கூடத் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 1992-ல் நலிந்த கம்பெனி என்று பி.ஐ.எப்.ஆர். என்ற மத்திய வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. 2000-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று வாரியம் சொன்னது. பிறகு 25-ஓ பிரிவின் கீழ் அனுமதி கேட்கப்பட்டு, 2001 ஜனவரியில் கிடைத்தது. மார்ச் 1-ந் தேதி மூடல்.

இங்கேதான் தொழிலாளியின் மனதில் முள் தைக்கிறது. சுரங்கம் மத்திய அரசின் சொத்து. சுரங்கத் தொழிலுக்கு அனுமதி தரும் அதிகாரமும் மத்திய அரசுக்கே. மனு போட்ட கம்பெனி சுரங்க அமைச்சகத்தின் கீழ் இருந்தது, உத்தரவு போட்டது தொழிலாளர் அமைச்சகம். சட்டப்படி இவை வேறு வேறு இலாகா. ஆனால் லைன் வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே டில்லிதான். தனியார் முதலாளியைத் தட்டிக் கேட்க அரசு என்ற மூன்றாம் ஆள் இருக்கட்டும் என்று எண்ணித்தான் 25-ஓ எழுதப்பட்டது. முதலாளியே அரசாக இருக்கும் இடத்தில் அந்த மூன்றாம் ஆள் எங்கே என்ற கேள்விக்கு, மேலே சொன்ன எந்த வழக்கும் நேராகப் பதில் தரவில்லை.

சங்கங்கள் கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போயின. மூடல் ரத்தாகவில்லை. இதில் வியப்பு இல்லை. இத்தகைய வழக்கில் கோர்ட்டு பார்ப்பது, மனு முறையாக வந்ததா, தொழிலாளரைக் கேட்டார்களா, காரணம் எழுதினார்களா என்பதைத்தான். சுரங்கத்தில் இன்னும் தங்கம் இருக்கிறதா, ஓட்டினால் லாபம் வருமா என்ற கணக்கைக் கோர்ட்டு தன் கையில் எடுத்துக்கொள்ளாது. வழிமுறை சரியாக இருந்தால், முடிவு கசப்பாக இருந்தாலும் நிற்கும்.

ஆனால் போராட்டம் வீண் என்றும் சொல்ல முடியாது. நாங்களே கூட்டுறவாகச் சேர்ந்து சுரங்கத்தை நடத்துகிறோம் என்று தொழிலாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2006-ல் மத்திய அரசு ஒரு முடிவுக்கு வந்தது. கம்பெனியின் சொத்துகளை உலக டெண்டர் மூலம் விற்பது, ஆனால் வந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் முதல் உரிமையை முன்னாள் ஊழியர்களின் சங்கத்துக்குக் கொடுப்பது என்பது அந்த முடிவு. இதன் மேலும் வழக்கு நடந்தது. 2013-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அரசின் டெண்டர் முடிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கதவு மூடிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு இது. 40 வயதில் வேலை இழந்தவருக்கு அப்போது 52 வயது.

2024 ஜூனில், 13 சயனைடு மேடுகளில் மீதியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் ஆயிரம் ஏக்கரில் நிற்கும் மேடுகள் இவை. காற்றடித்தால் இவற்றின் தூசி நம் வீட்டுச் சோற்றில் விழும். நம் தாத்தாக்கள் வெட்டிக் கொண்டுவந்த கல்லின் மிச்சம்தான் இது. இதிலாவது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை உண்டா என்று கேட்க வேண்டியது நம் கடமை.

சட்டம் மாறிவிட்டது

மேலே சொன்ன 1947-ம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. மூடுவதற்கு முன் அனுமதி வேண்டும் என்ற விதி அதிலும் உண்டு. ஆனால் எண்ணிக்கை 100-லிருந்து மறுபடி 300 ஆகிவிட்டது. அரசு விரும்பினால் அறிவிப்பு மூலம் இன்னும் உயர்த்தலாம். அதாவது 1976-ல் தொடங்கிய இடத்துக்கே சக்கரம் திரும்பி வந்திருக்கிறது.

பெங்களூர் போய் வேலை செய்யும் தங்கவயல் மக்களில் பெரும்பாலோர் இன்று சுரங்கம் போன்ற பெரிய ஸ்தாபனத்தில் இல்லை. 150 பேர், 200 பேர் வேலை செய்யும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன் அனுமதி என்ற பாதுகாப்பு இனி இல்லை. 60 நாள் நோட்டீசும், ஆண்டுக்கு 15 நாள் நஷ்ட ஈடும்தான் மிச்சம். 50 பேருக்கும் குறைவான இடத்தில் அந்த 60 நாள் நோட்டீசும் கட்டாயமில்லை.

ஆகவே தொழிலாளத் தோழர்களும் குமாஸ்தா நண்பர்களும் சில காரியங்களை மறக்கக் கூடாது. உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் பேர்ப்பதிவில் இருக்கிறார்கள் என்று தெரிந்து வையுங்கள், 300-க்கு மேலா கீழா என்பதில்தான் இனி வழக்கே நிற்கும். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எப். நம்பர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள், சர்வீஸ் எத்தனை ஆண்டு என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். மூடப் போகிறார்கள் என்று காதில் விழுந்த உடனே சங்கத்தின் மூலம் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், பூட்டுப் போட்ட பிறகு கொடுக்கும் மனுவுக்குப் பலம் குறைவு. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் சமரச அதிகாரி அதைக் கையில் எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்சி ரயில்வே தொழிலாளர்கள் 1956-ல் தோற்றார்கள். அவர்கள் தோற்றதால்தான் சட்டம் திருத்தப்பட்டது, அதன் பலன் அவர்கள் முகமே அறியாத லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. தங்கவயல் தொழிலாளியின் வழக்கும் அப்படி ஒரு திருத்தத்துக்கு வழி காட்ட வேண்டியது. அரசே முதலாளியாக இருக்கும்போது அனுமதி தரும் அதிகாரம் வேறு ஒரு சுதந்திரமான கையில் இருக்க வேண்டும் என்று கேட்க, நம்மைவிடத் தகுதி உள்ளவர்கள் யார்? அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.